நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கொடுமைகளிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு உதவும் அரசுக் குழுவை எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் வருகிறவர் உட்காரும் நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வீட்டில் அடி தாங்க முடியாமல் வெளியேறி வந்த ஒரு பெண், பேசும்போது ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். 'கவனமில்லை, ஒத்துழைக்கவில்லை' என்று எங்கள் ஊழியர் கோப்பில் எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டது நான். நாற்காலியைத் திருப்பிப் போட அரை நிமிடம் போதும். எங்களுக்கு அது தோன்றுவதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

பயம் உச்சத்தில் இருக்கும்போது நடந்ததையெல்லாம் மூளை வரிசையாக அடுக்கி வைப்பதில்லை. சட்டையின் நிறம் அப்படியே நிற்கும், தேதி நிற்காது. அதனால் இன்று செவ்வாய் என்றவர் நாளை வியாழன் என்றால் உடனே 'பொய்' என்று எழுதிவிடாதீர்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்; அதுவும் பொய்க்கு அடையாளம் இல்லை. 'ஏன் கத்தவில்லை?' என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உடம்பு உறைந்துபோவது யாரும் யோசித்து எடுக்கிற முடிவு இல்லை.

இந்தப் பாதிப்புக்கு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் PTSD என்று தனிப் பெயர் கிடைத்தது. அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர்கள் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள். வீட்டுக்குள் அடிபட்டவரின் காயமும் போர்க்களத்தில் இருந்தவரின் காயமும் ஒரே வகை என்பதை 1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் விரிவாக எழுதினார். முதலில் பாதுகாப்பு, நடந்ததைச் சொல்வது அப்புறம்தான் என்பது அவர் வகுத்த வரிசை. நம் படிவங்களைப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே 'நடந்ததை விவரமாக எழுதவும்' என்று இருக்கிறது! இன்று இரவு எங்கே தூங்குவீர்கள் என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை.

தலைவர் என்ற முறையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, எங்கள் அலுவலகத்தில் அந்த முதல் பக்கத்தை மாற்றியதுதான் என்று நினைக்கிறேன். உதவி தேடி வந்தவர் சம்மதித்தால், ஒருமுறை எழுதி வாங்கிய விவரம் அவர் போவதற்கு முன்பே அடுத்த மேசைக்குப் போய்விடும். வரவேற்பாளர், அலுவலர், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. கேட்டே ஆகவேண்டிய கேள்வி இருந்தால் எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறோம்.

சரி, இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஊழியர்கள்? அவர்களுக்கும் வலிக்கும். காலையில் நிலுவைக் கோப்புக்காக நான் கத்தினால், மதியத்துக்குள் அந்தக் குரல் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வாரம் ஒரு மணி நேரம், கோப்புக் கணக்கு இல்லாமல், ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருகிறேன். ஒருவர் பல மாதங்கள் 'நல்லா இருக்கேன் மேடம்' என்பதோடு எழுந்துவிடுவார். ஒரு நாள், எனக்குத் தூக்கம் போன ஒரு வழக்கைப் பற்றி நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "குழந்தைகள் வழக்கு மட்டும் ரெண்டு வாரம் வேண்டாம் மேடம்" என்றார். மூன்று வாரம் கொடுத்து, அந்த வழக்குகளை என் மேசைக்கு எடுத்துவரச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் 11 கோப்புகள். அத்தனையையும் அவருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது நான்தான்.