டி.சி. இல்லாமல் வந்த பிள்ளைகள்: போருக்குப் பிந்திய ஜெர்மனியில் படைவீரர் குடும்பங்களுக்கான பள்ளிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். எதிரே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அதனால் போர், ஒப்பந்தம், எல்லை என்று சுற்றி வளைக்காமல் நேரே வகுப்பறைக்குள் போய்விடுகிறேன்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. வென்ற நாடுகளின் பொறுப்பில் நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹாம்பர்க் நகரும் ரூர் தொழிற்பகுதியும் அடங்கிய வடமேற்குப் பகுதி பிரிட்டனின் பொறுப்புக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை இன்னும் பல ஆண்டுகள் அங்கே தனியாக வைத்திருக்க முடியாது. ஆகவே 1946 கோடையின் இறுதியிலிருந்து மனைவிமாரும் பிள்ளைகளும் கப்பலேறி வரத் தொடங்கினார்கள். அமெரிக்க மண்டலத்துக்கு அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியிலேயே பிரேமர்ஹாஃபன் துறைமுகம் வழியாக முதல் குடும்பங்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் வந்தால் பள்ளி வேண்டும். பள்ளிக் கட்டடம், மேசை, புத்தகம், ஆசிரியர் எதுவுமே இல்லாத இடத்தில் சில மாதங்களுக்குள் அத்தனையையும் உண்டாக்க வேண்டியிருந்தது.

கட்டடத்தை விடுங்கள். வந்த பிள்ளைகள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 1947இல் பதினொரு வயதான ஒரு பெண் 1936இல் பிறந்தவள். இங்கிலாந்தில் ஐந்து வயதில் பள்ளி தொடங்கும். அப்படியானால் அவள் பள்ளிக்குப் போன முதல் ஆண்டு 1941, குண்டுவீச்சின் நடுவே. நகரத்துப் பிள்ளையானால் கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருப்பாள், திரும்பி வந்திருப்பாள், மறுபடியும் அனுப்பப்பட்டிருப்பாள். பத்து வயதுக்குள் நாலைந்து பள்ளி மாறிய பிள்ளைகள் அன்று அபூர்வமல்ல. அப்பா என்றால் மாதம் ஒருமுறை வரும் கடிதம். அந்த அப்பாவோடு, தெரியாத நாட்டில், வேறொருவரிடமிருந்து கையகப்படுத்திய வீட்டில் இப்போது அவள் வாழ வேண்டும். கையில் மதிப்பெண் பதிவு கிடையாது. நம் வழக்கில் சொன்னால் டி.சி.கூட இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளை.

இந்தப் பிள்ளைகளுக்காக 1946இல் பிரிட்டிஷ் குடும்பங்கள் கல்விச் சேவை என்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜான் ட்ரெவெல்யன், இங்கிலாந்தில் மாவட்டக் கல்வி நிர்வாகத்திலிருந்து வந்தவர். பிற்காலத்தில் அதே மனிதர் பிரிட்டனின் திரைப்படத் தணிக்கைக்குத் தலைமை வகித்தார். அன்று எடுத்த முடிவுகளில் தலையாயது எது என்று கேட்டால், பள்ளிகளை ராணுவத்தின் கல்விப் பிரிவிடம் ஒப்படைக்காமல் உள்நாட்டு உள்ளாட்சிப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களை அயல்பணியில் எடுத்ததைத்தான் சொல்வேன். அயல்பணி என்றால் ஊரில் உள்ள வேலை அப்படியே இருக்கும், ஓய்வூதியக் கணக்கு அறுபடாது, குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் திரும்பலாம். இது இல்லாவிட்டால் வேலை கிடைக்காதவர்கள் மட்டுமே வந்திருப்பார்கள். 1947 ஏப்ரலில் இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 15 ஆக உயர்ந்தது. உள்நாட்டிலேயே ஆசிரியர் பஞ்சம். அந்த நேரத்தில் நல்ல ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு இழுத்தது இந்தப் பணிப் பாதுகாப்புதான்.

ஆனால் அதற்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. அயல்பணி முடிந்ததும் ஆசிரியர் கிளம்பிவிடுவார். தந்தைக்கு மாற்றல் வந்தால் பிள்ளையும் கிளம்பிவிடும். ஆண்டு முடிவில் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் புதியவர்கள், எதிரே நிற்கும் ஆசிரியரும் புதியவர். சாதாரணப் பள்ளியில் தொடர்ச்சி என்பது ஊரிலும் கட்டடத்திலும் மூத்த ஆசிரியரின் நினைவிலும் தானாகவே இருக்கிறது. இங்கே அதைக் கையால் உண்டாக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

1947இன் தொடக்கத்தில், அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்றில், முதல் தொடக்கப் பள்ளிகள் திறந்தன. படைத்தளங்கள் சிதறிக் கிடந்ததால் பல பள்ளிகள் ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை ஒரே அறை. பிரிட்டனிலேயே காகிதம் பங்கீட்டில் இருந்த காலம், புத்தகம் கப்பலில் வந்து சேர வேண்டும்.

பல வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்துவது எப்படி என்று நம் மலைக்கிராம ஆசிரியர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே இருந்த சிக்கல் வேறு. ஒரே வயதுடைய இரண்டு பிள்ளைகள்கூட ஒரே முறையில் படித்திருக்கவில்லை. அதற்குக் கழித்தல் கணக்கே போதும். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் பள்ளிகளில் இதற்கு இரண்டு முறைகள் புழங்கின. ஒன்று, நாம் கற்ற கடன் வாங்கும் முறை: மேலே உள்ள 5 பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அது 4 ஆகும், 12இல் 7 போனால் 5, 4இல் 2 போனால் 2, விடை 25. மற்றொன்று, இரு எண்களோடும் பத்தைக் கூட்டும் முறை: மேலே 2ஐ 12 ஆக்கு, அதற்கு ஈடாகக் கீழே உள்ள 2 பத்தை 3 ஆக்கு. 12இல் 7 போனால் 5, 5இல் 3 போனால் 2, விடை அதே 25. இரண்டும் சரி. ஆனால் ஒரு முறையில் ஒன்றரை ஆண்டு பழகிய பிள்ளையை அடுத்த பள்ளியில் மற்ற முறைக்கு மாற்றினால் என்ன ஆகும்? மேலே உள்ள 5ஐ 4 ஆகக் குறைக்கும், கீழே உள்ள 2ஐ 3 ஆகவும் கூட்டும். விடை 15. ஆசிரியர் கண்ணுக்கு அது கவனக்குறைவு. பிள்ளையோ இரண்டு ஆசிரியர்களுக்கும் கீழ்ப்படிந்திருக்கிறது!

இந்தத் தவறு வரும்போது செய்ய வேண்டியது ஒன்றே. பிள்ளையிடம் விடையைக் கேட்காமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போடச் சொல்ல வேண்டும். எந்த முறையில் தொடங்குகிறதோ அந்த முறையிலேயே முடிக்க விட வேண்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்ற பிடிவாதம் நிலையான பள்ளிக்குப் பொருந்தும், இடம் மாறும் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொருந்தாது.

பணக் கணக்கில் இன்னொரு வகைத் தொல்லை. அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 7 ஷில்லிங் 5 பென்னியை மூன்றால் பெருக்கினால் 1 பவுண்டு 2 ஷில்லிங் 3 பென்னி. நம் பாட்டன்மார் ரூபாய், அணா, பைசாவில் போட்ட கணக்கு மாதிரிதான். இங்கிலாந்தில் வளரும் பிள்ளை மிட்டாய்க் கடையில் காசை எண்ணி எண்ணி இதைப் பாதி கற்றுக்கொண்டுவிடும். ஜெர்மனியில் இருந்த பிள்ளை அந்தக் காசைக் கண்ணால்கூடக் காணவில்லை. 1946 ஆகஸ்டு முதல் படைக்குடும்பங்கள் தங்கள் கடைகளில் ராணுவம் அச்சிட்ட காகிதச் சீட்டுகளைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். வெளியே ஜெர்மானியரிடம் மார்க், அதுவும் 1948 ஜூனில் மாறிவிட்டது. தூரம் வேறு வெளியே கிலோமீட்டரில், பாடநூலில் மைலில். எனவே ஆசிரியர் அட்டையில் காசு வெட்டி வகுப்புக்குள்ளேயே கடை போட வேண்டும். இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வெளியுலகம் இலவசமாகக் கற்பித்ததைப் பள்ளி தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் வேலை அது.

பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சிறு பள்ளிகள் போதாது. சிதறிக் கிடந்த தளங்கள் ஒவ்வொன்றிலும் உயர்நிலைப் பள்ளி வைக்கவும் முடியாது. விடுதிப் பள்ளிதான் வழி. 1947 ஜூலையில் வடகடல் ஓரமாக வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பிரின்ஸ் ரூப்பர்ட் பள்ளியும், 1948 மே மாதம் ப்ளோன் ஏரிக்கரையில் கிங் ஆல்ஃபிரட் பள்ளியும் திறந்தன. இரண்டும் ஜெர்மன் கடற்படை முகாம்கள். ஹிட்லருக்குப் பின் பொறுப்பேற்ற அட்மிரல் டோனிட்ஸ் 1945 ஏப்ரல் இறுதியில் தலைமையகம் வைத்திருந்ததும் அதே ப்ளோன் ஊரில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து அங்கே சுமார் 600 பிள்ளைகள் படித்தார்கள். முதல் தலைமை ஆசிரியர் ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன், ஜப்பானியப் படையின் பின்புறத்தில் மலாயாக் காடுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் மறைந்து போரிட்டவர்.

இந்தப் பள்ளிகளில் ஒரு புதுமை தானாகவே நேர்ந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தில் பதினொரு வயதில் தேர்வு வைத்து, பிள்ளைகளை இலக்கணப் பள்ளி (மேற்படிப்புக்குத் தயாராக்கும் 'கிராமர்' பள்ளி), தொழில்நுட்பப் பள்ளி, நவீனப் பள்ளி (மற்றவர்களுக்கான பொதுக்கல்விப் பள்ளி) என்று வடிகட்டினார்கள். ஜெர்மனியில் மூன்று பள்ளி கட்ட இடமும் இல்லை, ஆளும் இல்லை. எல்லா வகைப் பிள்ளைகளும், ஆண்களும் பெண்களும், கர்னல் மகனும் சிப்பாய் மகளும் ஒரே பள்ளியில், ஒரே உணவுக்கூடத்தில். பிரிட்டனில் அன்று விடுதிப் பள்ளி என்றால் பணக்காரருக்கு உரியது, அதிலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. உள்நாட்டில் ஆண்டுக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்த பொதுமுறைப் பள்ளியை, வேறு வழியில்லாததால் இவர்கள் நடத்தியே காட்டினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய பகுதி இது.

தேர்வில்தான் இடித்தது. 1951 வரை இருந்த பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு ஒரு தொகுதித் தேர்வு. ஆங்கிலம் உட்பட குறிப்பிட்ட பாடங்களில் ஒரே அமர்வில் தேற வேண்டும், ஒரு பாடத்தில் வாங்கிய நல்ல மதிப்பெண்ணைச் சேமித்து வைக்க முடியாது. நடுவில் இடம் மாறிய பிள்ளைக்கு இது பெரிய பாதகம். மேலும் தேர்வு நடத்தும் வாரியங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கியப் பாடநூல். ஒரு நாடகத்தை ஓராண்டு படித்த பையன் புதுப் பள்ளியில் வேறொரு நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் போய் உட்காருவான். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அங்கே உயர்நிலைக் கல்வி பன்னிரண்டு வயதில் தொடங்கும், சான்றிதழே வேறு. 1951இல் பாடவாரியான தேர்வு வந்தபோது, தேறிய பாடத்தைக் கையோடு எடுத்துப் போக வழி பிறந்தது. நாடோடிப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்தச் சீர்திருத்தமும் செய்யவில்லை என்பது என் கருத்து.

அமெரிக்கர்கள் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். 1946 அக்டோபரில் தங்கள் மண்டலத்தில் பள்ளிகளைத் திறந்ததோடு, தாய்நாட்டுப் பள்ளித் தர அங்கீகார அமைப்பான வட மத்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தையும் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பெற்றார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் முடித்த பாடம் ஒஹையோவில் செல்லும். பாடத்துக்குப் பாடம் மதிப்பலகு (கிரெடிட்) சேரும் முறை என்பதால் அவர்களுக்கு இது எளிதாகவும் இருந்தது.

இத்தனையும் பசித்த ஒரு நாட்டின் நடுவே நடந்தது. 1946 மார்ச்சில் பிரிட்டிஷ் மண்டலத்தில் சாதாரண ஜெர்மானியருக்கான உணவுப் பங்கீடு நாளுக்குச் சுமார் 1,000 கலோரிக்கு இறங்கியது. குண்டுவீச்சில் பள்ளிகள் இடிந்த நகரங்களில் ஜெர்மன் பிள்ளைகள் முறை வைத்து, காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று படித்தார்கள். 1947 வசந்தத்தில் தொடங்கிய பள்ளிச் சத்துணவு நாளுக்குச் சுமார் 350 கலோரி தந்தது. பலருக்கு அதுதான் அன்றைய நல்ல சாப்பாடு, மதிய உணவுத் திட்டம் கண்ட நமக்கு அது புரியும். அதே தெருவில் வேலிக்குள் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்குச் சூடான அறை, நிறைந்த தட்டு. சமையலறையிலும் கொதிகலன் அறையிலும் வேலை செய்தவர்கள் ஜெர்மானியர்கள். பசித்தவர் சமைக்கும் இடத்தில் உணவு காணாமல் போனால் பூட்டு போட்டுத் தீராது. வேலை செய்பவருக்கு அங்கேயே ஒருவேளைச் சாப்பாடு போடுவதுதான் தீர்வு. தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளையோடு ஆசிரியர் அதைப் பற்றி நேராகப் பேச வேண்டும். பேசாமல் விட்டால், வென்றவர் தட்டு நிறைவது இயற்கை என்ற பாடத்தைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்.

மொழியிலும் ஒரு வாய்ப்பு கைநழுவியது என்று நினைக்கிறேன். ஊர் திரும்பினால் உள்ளூர்ப் பள்ளியில் பிரெஞ்சு இருக்கும் என்று பெற்றோர் பிரெஞ்சையே கேட்டார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் சன்னலுக்கு வெளியே பேசப்படும் மொழியை எட்டு வயதில் பேச்சாகவே கற்றுக்கொடுக்க முடியும்: வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், புத்தகம் இல்லாமல், உள்ளூர் ஆசிரியர் ஒருவரை வைத்து. தேர்வுக்குரிய பிரெஞ்சோடு அது மோதவே மோதாது.

ஜெர்மனியோடு இது முடியவில்லை. மலாயாவில் 1948இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான நெருக்கடிநிலை தொடங்கியபின், படையினர் பிள்ளைகளுக்காகக் கேமரன் மலையில் 1951இல் ஸ்லிம் பள்ளி என்ற விடுதிப் பள்ளி எழுந்தது. நம்மவர் தேயிலை பறித்த அதே மலை. தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலையில் பதுங்கித் தாக்குதல் நடக்கும் அபாயம் இருந்ததால் பிள்ளைகளைக் கவச வண்டிக் காவலோடு கொண்டு போனார்கள். சாலைப் பாதுகாப்பு வேறு, பாடச் சிக்கல் அதேதான்.

அப்படியானால் இடம் மாறும் பிள்ளையின் கையில் என்ன கொடுத்தனுப்ப வேண்டும்? மதிப்பெண்ணும் தரவரிசையும் மட்டும் எழுதிய அறிக்கை அடுத்த ஆசிரியருக்கு உதவாது. "40 பேரில் 7ஆம் இடம்" என்றால் அந்த 40 பேரை அவருக்குத் தெரியாது. ஒரே தாள் போதும். வாசிப்புப் புத்தகத்தின் பெயர், நிறுத்திய பக்கம். கழித்தலும் வகுத்தலும் எந்த முறையில், ஒரு போட்ட கணக்கோடு. எழுதுவது தனி எழுத்தா, கூட்டெழுத்தா. வரலாற்றில் படித்து முடித்த காலம், இல்லையென்றால் அடுத்த பள்ளியிலும் அதே மன்னனைத்தான் மறுபடி படிக்கும். தேர்வு நெருங்கும் வயதானால் வாரியமும் பாடநூலும். எத்தனை பள்ளி மாறியது என்ற எண்ணிக்கை. கடைசியாக, பிள்ளை சொந்தக் கையால் எழுதிய ஒரு பக்கம், திருத்தாமல். இந்தத் தாளை அஞ்சலில் அனுப்பினால் பிள்ளை போய் ஒரு பருவம் கழித்துத்தான் சேரும். தாயின் கையில் கொடுங்கள், நகல் ஒன்றைப் பள்ளியில் வையுங்கள்.