ஒரே தொட்டியில் பல நாற்றுகள்: வாடினால் எங்கே பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றைத் தொட்டியில் விதைக்கும்போது, முளைக்காமல் போய்விடுமோ என்ற தயக்கத்தில் ஒரு சிட்டிகை விதையைச் சேர்த்தே தூவிவிடுகிறோம். பெரும்பாலானவை முளைத்தும் விடுகின்றன. அடுத்த இரண்டு வாரங்களில் சில நாற்றுகள் வெளிறுகின்றன, சில சாய்கின்றன, சில வளராமல் நிற்கின்றன. நம் கை உடனே தண்ணீரையோ உரத்தையோ தேடுகிறது. அந்தக் கையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

பல நாற்றுகள் ஒரே மண்ணில் நிற்பதில் ஓர் அனுகூலமும் உண்டு: ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொட்டி முழுவதும் ஒரே மாதிரி வாடினால், குறை பெரும்பாலும் நீர், ஒளி, மண் ஆகியவற்றில் இருக்கும். நல்ல நாற்றுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நலிந்தால், அது விதையின் பலவீனமாகவோ வேரில் பட்ட காயமாகவோ இருக்கலாம். ஓர் ஓரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் பக்கத்து நாற்றுகளுக்குப் பரவினால், அது நோய்.

அப்படிப் பரவும் நோய்களில் கொடியது நாற்றழுகல். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண்ணில் படுத்துக் கிடக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர் கோத்ததுபோல் மாறி, நூலாகச் சுருங்கியிருக்கும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வழி நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். பித்தியத்தின் வித்துகள் ஈர மண்ணில் நீந்தியே அடுத்த வேரை அடைவதால், நெருக்கமும் ஈரமும் சேர்ந்த தொட்டியில் இந்நோய் வேகமாகப் பரவுகிறது. சாய்ந்த நாற்று பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி, மேல்மண் காயும்வரை நீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுத்தால் எஞ்சியவற்றைக் காக்க வாய்ப்புண்டு. அடுத்த முறை, கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பது நல்லது.

நீர் மிகுவதும் நீர் குறைவதும் இலையில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத் தருவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஒருமுறை, மஞ்சளாகித் தொங்கிய கத்தரி நாற்றுகளுக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றை மெல்லப் பிடுங்கிப் பார்த்தபோது, வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வேர் பழுப்பாக இருந்தது. விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சியது. மண்ணில் சேற்று வாடை. மண்ணின் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி, வேருக்குக் காற்றே கிடைக்கவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் அதன் கனமே சொல்லியிருக்கும். வடிதுளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நாற்றுகள் நெடுநெடுவென்று வளர்ந்து தண்டு மெலிந்தால், வெளிச்சம் போதவில்லை என்பது பாதி விடைதான். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த ஒளி பக்கவாட்டிலிருந்து படும்போது, ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே நாற்றுகள் அண்டையில் போட்டி இருப்பதை உணர்ந்து, வேருக்கும் இலைக்கும் போக வேண்டிய உணவைத் தண்டின் நீளத்துக்குச் செலவிடுகின்றன. எனவே தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினால் மட்டும் போதாது, நெருக்கத்தையும் குறைக்க வேண்டும்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். நரம்பு பச்சையாகவே இருக்க, புதிய இலை வெளிறினால் இரும்புச்சத்து எட்டவில்லை. இலை நுனி கருகினால் உரம் ஏற்கெனவே மிகுதி. முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைகள் உரிய காலத்தில் பழுத்து உதிர்வது இயல்பே.

இனி, பயிர் கலைத்தல், அதாவது நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைக் குறைப்பது. வேண்டாத நாற்றைப் பிடுங்கினால் பின்னிய வேர்கள் அறுந்து, நல்ல நாற்றும் பாதிக்கப்படும். ஆகவே கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். நன்றாக நிற்கும் நாற்றை வெட்ட மனம் வராது என்பதை அறிவேன். பிரித்து நடுவதானால், வித்திலைகளுக்குப் பின் வரும் முதல் இரண்டு உண்மையிலைகள் விரிந்ததும், மண்ணை நனைத்து, தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். கிழிந்த இலைக்குப் பதில் வேறோர் இலை வரும், நசுங்கிய தண்டுக்கு மாற்று இல்லை. தக்காளியை வித்திலை வரை புதைத்து நடலாம், தண்டிலிருந்தும் வேர் விடும்.

மாலையில் நட்டு இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்திருங்கள். முதல் நாள் சற்றே துவண்டால் பதற வேண்டியதில்லை. முற்றிலும் மஞ்சளாகிவிட்ட பழைய இலை மீண்டும் பச்சையாகாது. புதிதாக விரியும் இலையின் நிறத்தைக் கொண்டே நாற்று தேறுகிறதா என்று முடிவு செய்யுங்கள்.

வணக்கம்.