கேட்டுச் செய்யும் பழுதுவேலை

நேயர்களுக்கு வணக்கம். திருச்சபை வாலிபர்கள் அக்கம்பக்கத்திலுள்ள முதியவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் தனித்து வாழ்பவர்களுக்கும் வீட்டுப் பழுதுகளைச் சரிசெய்து கொடுப்பதையும், அவர்களுடைய தோட்டங்களைச் சீர்படுத்திக் கொடுப்பதையும் குறித்துப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். திக்கற்றோரையும் விதவைகளையும் விசாரிப்பதை மாசற்ற பக்தியென்று கற்ற சபைகளுக்கு இந்தப் பணியின் அவசியத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். வீட்டுக்குரியவரிடம் கேட்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாலிபர்கள் ஒன்றுகூடினால் பெரும்பாலும் வண்ணம் பூசுவதையே முதலில் நினைக்கிறார்கள். பலர் சேர்ந்து செய்யலாம், மாலைக்குள் பலன் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அந்த ஆசை இயல்பானதே. ஆனால் கூரையிலோ குழாயிலோ கசிவு இருந்து சுவர் ஈரம் குடித்திருக்குமானால், அதன்மேல் எத்தனை முறை பூசினாலும் வண்ணம் கொப்பளித்து உரிந்துவிடும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், கிளென் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் வாலிபர்களைத் திரட்டி ஏழைக் குடும்பங்களின் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட் என்ற பெயரில் இன்றும் நடந்துவரும் அந்த ஊழியம், குளிர் தாங்கும் வீடு, ஆபத்தில்லாத வீடு, ஈரமில்லாத வீடு என்பதையே தன் இலக்காக வைத்திருக்கிறது. அழகான வீடு என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை வாலிபர் குழுக்களை நடத்துவோர் கவனிக்க வேண்டும்.

ஆகவே, வேலை நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பெரியவர் ஒருவரும் வாலிபர் இருவரும் அந்த வீட்டுக்குச் சென்று, அவசரமின்றி உட்கார்ந்து பேசிவர வேண்டும். "என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று கேட்டால், பிறருக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பாத முதியவர்கள் "ஒன்றுமில்லை" என்றே சொல்லிவிடுவார்கள். அதைவிட, "இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்வதாக ஒருவர் சொல்வார். வாசற்படியில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவதாக இன்னொருவர் சொல்வார். செய்ய வேண்டிய வேலை அந்தப் பதிலிலேயே இருக்கிறது. கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழப்பதாகவும், அப்படி இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆடும் படிக்கட்டுப் பிடியும் எரியாத விளக்கும் ஓரம் சுருண்ட மிதியடியும் சிறியவையாகத் தோன்றினாலும், ஒருவர் தம் சொந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ முடியுமா என்பதைப் பல நேரங்களில் அவைதாம் தீர்மானிக்கின்றன.

கைப்பிடிக் கம்பி பொருத்தும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குளியலறைச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடமுள்ள இடத்தில் ஓசை மாறும். அங்கே திருகாணியை முறுக்கினால் அது பிடித்ததுபோலத் தோன்றும்; ஆனால் ஈரக் காலோடு தடுமாறும் ஒருவர் முழு உடற்பாரத்தையும் அதன்மேல் போடும்போது சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். கம்பியே இல்லாத சுவரைவிட நம்ப முடியாத கம்பி ஆபத்தானது. அதனால் உள்ளே கட்டையோ உறுதியான கல்லோ இருக்கும் இடத்தைத் தேடி, சுவருக்கேற்ற திருகாணியால் பொருத்தி, நன்கு எடையுள்ள ஒருவர் இரு கைகளாலும் இழுத்துப் பார்த்த பிறகே வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பி வரவேண்டிய உயரத்தை, அதைப் பயன்படுத்தப் போகிறவரையே நிற்கவைத்து அவருடைய கைக்கேற்பக் குறித்துக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அளவு பார்த்தே செய்ய வேண்டியது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 45 சென்டிமீட்டர் உயரமுள்ள வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் தேவைப்படும். அவ்வளவு இடமில்லாத வீட்டில் செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்துவிட்டு வருவது உதவியாகாது.

தோட்ட வேலையிலும் கேட்டுச் செய்வதே முறை. நமக்குக் களையாகத் தெரிவது அவர்கள் ஆசையோடு வளர்க்கும் செடியாக இருக்கலாம். வெட்டக்கூடாத செடிகளில் வீட்டாரே வண்ணத் துணி கட்டிவிடும்படி செய்தால், ஆர்வத்தோடு வரும் இளங்கைகள் அவற்றைத் தொடாமல் விடும். நடைபாதையை மறைத்து வளர்ந்திருக்கும் கிளைகளையும், வழுக்கும் பாசியையும், அடைபட்ட மழைநீர் வடிகாலையும் முதலில் கவனித்துவிட்டுப் பூப்பாத்திக்குப் பிறகு போகலாம்.

வாலிபர்களின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. கூரைமேல் ஏறும் வேலை, மின்கம்பி வேலை, எரிவாயுக் குழாய் வேலை ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற தொழிலாளர்களிடமே விட்டுவிட வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதித்துப் பார்க்காமல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. சாய்ப்பு ஏணியை நான்கு மீட்டர் உயரத்துக்குச் சாய்த்தால், அதன் அடி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சிறுவர்களை ஏணியில் ஏற்றுவதை நான் எந்தக் குழுவிலும் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் கீழே செய்வதற்கு எவ்வளவோ வேலை இருக்கிறது.

உதவி பெறுகிறவருடைய மதிப்பைக் காப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே. அவருடைய பழைய சமையலறையைப் படமெடுத்துச் சபை அறிக்கையில் வெளியிட நமக்கு உரிமையில்லை. அவர் எந்த நம்பிக்கையைச் சேர்ந்தவர், ஆராதனைக்கு வருவாரா என்று பார்த்து உதவுவதும் சரியன்று. ஏதாவது தானும் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினால், மறுக்காமல் இடம் கொடுங்கள். உட்கார்ந்தபடியே திருகாணிகளைப் பிரித்துவைக்கும் ஒரு முதியவர், தம் வீட்டு வேலையில் தாமும் பங்காளி என்று உணர்கிறார்.

ஒரே நாளில் ஐந்து வீடுகளைத் தொட்டுவிட்டு ஐந்தையும் அரைகுறையாக விடுவதைவிட, இரண்டை எடுத்துக்கொண்டு குப்பை அகற்றுவதுவரை முழுவதுமாக முடிப்பதே மேல். கழற்றிவைத்த கதவு இரவெல்லாம் சுவரில் சாய்ந்து கிடந்தால், அந்த வீட்டார் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்கள்? புறப்படும்போது, கம்பியோ பிடியோ தளர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து, சில மாதங்கள் கழித்து மறுபடியும் வந்து பார்க்கும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அதே வாலிபர்களே போக வேண்டும். திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டும் வர வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், செவிமடுத்த நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.