வெள்ளியா, சனியா? பாஸ்டன் கல்லூரி ஐஸ் ஹாக்கி பற்றி ஒரு நேயர் கேள்வி

அடுத்த கேள்விக்கு வருவோம். பாஸ்டனுக்குப் புதிதாகக் குடிபோன ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கிறேன்: "ஆபீஸில் எல்லோரும் பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் மோதும் வார இறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். அதே இரண்டு அணிகள் வெள்ளி ஒன்று, சனி ஒன்று என்று எதற்கு அடுத்தடுத்து ஆடுகின்றன? எங்களால் ஒரு நாள்தான் போக முடியும். எந்த நாள் போகலாம்? யார் ஜெயிப்பார்கள்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை போங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுப் போங்கள். பார்க்காமல் போனால் சனிக்கிழமை ஆட்டம் பாதிக்கதையிலிருந்து படம் பார்த்த மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் ஏன் என்ற கேள்விக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆடுபவர்கள் மாணவர்கள், வார நாட்களில் வகுப்பு இருக்கிறது. அதனால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் பெரும்பாலான ஆட்டங்கள் வெள்ளி, சனியில்தான். தூரத்து ஊர் அணி என்றால் பெரும்பாலும் இரண்டு ஆட்டமும் ஒரே மைதானத்தில் நடக்கும். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தேவை இல்லை. காமன்வெல்த் அவென்யூ என்ற ஒரே சாலை, கிரீன் லைனின் பி டிராம் என்ற ஒரே தடம், நடுவில் நாலு மைல் கூட இருக்காது. ஒரு நாள் உன் வீட்டில், மறுநாள் என் வீட்டில். பெயர் குழப்பத்துக்கு, பி.சி. என்றால் காலேஜ், சின்னம் கழுகு, நிறம் அரக்குச் சிவப்பு. பி.யூ. என்றால் யுனிவர்சிட்டி, சின்னம் டெரியர் நாய், நிறம் பளிச்சென்ற சிவப்பு. முதல் தடவை பார்க்கிறவருக்கு இரண்டும் சிவப்புதான், கவலைப்படாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் யார் எத்தனை கோல் அடித்தார், யாரை என்.ஹெச்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணி தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள். நான் பார்ப்பது வேறு. ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நிற்கும்போது ஆட்களை மாற்றும் முறை ஒன்று உண்டு. விருந்தாளி அணி முதலில் தன் ஐந்து பேரை இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டு அணி தன் ஆட்களை இறக்கலாம். கடைசி மாற்றம் என்பார்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு லைன், அதாவது சேர்ந்து இறங்கும் குழு, முக்கால் நிமிஷம் ஆடிவிட்டு வெளியே வந்துவிடும் விளையாட்டு இது, யாருக்கு எதிராக யார் நிற்கிறார்கள் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. எதிரணியின் நட்சத்திரம் இறங்கினால், வீட்டு கோச் தன்னுடைய முரட்டுத் தடுப்பு லைனை அவர் மேல் விடலாம். அல்லது எதிரணி பலவீனமான ஜோடியை இறக்கும்போது தன் நட்சத்திரத்தை அனுப்பலாம்.

ஒரே மைதானத்தில் நடக்கும் தொடர்களில் இந்த உரிமை இரண்டு நாளும் ஒருவரிடமே இருக்கும். இங்கே இருபத்து நாலு மணி நேரத்தில் கை மாறுகிறது. வெள்ளிக்கிழமை மூச்சுவிட முடியாமல் நெருக்கப்பட்ட பையன், சனிக்கிழமை வேறு ஆளுக்கு எதிராக இறங்குவான். தோற்ற கோச் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துவிட்டு, தன் வீட்டில் என்ன மாற்றுகிறார்? முதல் பீரியடில், அதாவது முதல் இருபது நிமிஷத்தில், அதை மட்டும் கவனியுங்கள். பி.சி.யின் கான்டே ஃபோரம் அரங்கை விட பி.யூ.வின் அகானிஸ் அரங்கின் பனித்தளம் மூன்று அடி அகலம் என்று யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்து மூன்றடியால் யாரும் தோற்றதில்லை.

இன்னொன்று. என்.ஹெச்.எல். பார்த்துவிட்டு வருகிறவர்கள் சண்டையை எதிர்பார்ப்பார்கள். கல்லூரியில் முகம் முழுக்க மூடிய ஹெல்மெட். கையை ஓங்கிச் சண்டை போட்டால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. அடுத்த ஆட்டம் என்றால் மறுநாள் இதே எதிரியுடன். வெள்ளிக்கிழமை கடைசி ஐந்து நிமிஷத்தில் கோபத்தை அடக்கத் தெரியாதவன் சனிக்கிழமை கேலரியில் உட்கார்ந்திருப்பான். கணக்கைத் தீர்க்க ஒரு நாள் காத்திருப்பார்கள், சட்டப்படி இடித்துத் தீர்ப்பார்கள்.

புள்ளிக் கணக்கு சுலபம். இவர்கள் ஆடும் ஹாக்கி ஈஸ்ட் லீக்கில் அறுபது நிமிஷத்துக்குள் ஜெயித்தால் 3. கூடுதல் நேரமான ஓவர்டைமிலோ, ஒருவர் பின் ஒருவராக கோல்கீப்பரை நோக்கி அடிக்கும் ஷூட்அவுட்டிலோ ஜெயித்தால் 2, தோற்றவருக்கு 1. இரண்டு நாளும் சுத்தமாக ஜெயித்தால் ஆறும் உங்கள் பையில்.

யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டீர்கள். ஸ்கோர் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்ல முடியும்: இந்த வார இறுதியில் ஜெயித்தவர்தான் அடுத்த முறையும் ஜெயிப்பார் என்று நம்பாதீர்கள். 2024 ஜனவரியில் இதே மாதிரி வார இறுதியில் இரண்டு ஆட்டத்தையும் பி.சி. ஜெயித்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, பிப்ரவரியில் பீன்பாட் அரையிறுதியில் பி.யூ. அவர்களை 4-3 என்று வெளியே அனுப்பியது. பீன்பாட் என்பது பாஸ்டன் வட்டாரத்தின் நான்கு கல்லூரிகள் ஆடும் போட்டி, 1952 முதல் நடக்கிறது. அப்புறம் மார்ச்சில் லீக் இறுதியில் பி.சி. 6-2 என்று திருப்பிக் கொடுத்தது. 2025-லும் இதே கதை. ஜனவரி வார இறுதியில் இரண்டும் பி.சி.க்கு, பிப்ரவரியில் பீன்பாட் இறுதியில் 4-1 என்று கோப்பை பி.யூ.வுக்கு. அந்த வருஷம் தேசிய இறுதி வரை போனதும் பி.யூ.தான், அங்கே வெஸ்டர்ன் மிச்சிகனிடம் தோற்றது. தேசியப் பட்டத்தை எண்ணினாலும் ஆளுக்கு ஐந்து. அதில் 1978 பட்டத்தை பி.யூ. எடுத்ததே பி.சி.யைத் தோற்கடித்துத்தான், அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

கோச் இரண்டு பேரும் சொந்தக் கல்லூரிப் பிள்ளைகள். பி.சி.யில் கிரெக் பிரவுன், பி.யூ.வில் ஜே பண்டோல்ஃபோ. இரண்டு பேருமே 2022-ல் பொறுப்பேற்றவர்கள். பிரவுனுக்கு முன்னால் இருந்த ஜெர்ரி யார்க், கல்லூரி ஹாக்கியிலேயே அதிக வெற்றி கண்ட கோச், 1,123. அந்த நாற்காலியில் உட்காருவது லேசான காரியம் இல்லை.

இப்போது 2025-26 முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் என்ற இளைஞர் லீக்கில் ஆடியவர்களும் கல்லூரிக்கு வரலாம் என்று விதி மாறிவிட்டது. அதனால் பழைய வீரர் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதிப் பேரைத் தெரியாது.

கோல்கீப்பரை மட்டும் பார்த்துவையுங்கள். வெள்ளிக்கிழமை நாற்பது ஷாட் தடுத்துக் களைத்தவரையே மறுநாளும் நிறுத்துகிறார்களா, மாற்றுகிறார்களா என்பது ஆட்டத்துக்கு முன் வார்ம்அப்பிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அதனால் அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். காரில் போகாதீர்கள், டிராமில் போங்கள். உள்ளேயும் குளிரும், ஜாக்கெட்டைக் கழற்றி வைக்க வேண்டாம். மாணவர்கள் உட்காரும் பகுதிக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் குறிப்பாக. அவர்கள் பாடும் வரிகளுக்கு அர்த்தம் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி யாருடையது?