பேர் சொல்லாமலே மூணு வருஷம் காக்க வெச்சாங்க: மியூசிக் சாஃப்ட்வேருக்கு டீசர் போடுறது எப்படி?

வணக்கம் மக்களே! இசைக்குறி எழுதுற நோட்டேஷன் ஆப், பிளக்இன், நோட்டை வரிசையா ஓட்டுற சின்ன சீக்வென்சர், இதுல எதை உருவாக்கிட்டிருந்தாலும் இந்த வீடியோ உங்களுக்குத்தான். இசை எழுதுற சாஃப்ட்வேருக்கு டீசர் போடுறதைப் பத்திப் பேசுவோம்.

முதல்ல டோரிக்கோங்கிற நோட்டேஷன் சாஃப்ட்வேரைப் பார்ப்போம். 2012-ல அவிட் கம்பெனி, தன்னோட சிபேலியஸ்ங்கிற நோட்டேஷன் சாஃப்ட்வேரோட லண்டன் ஆபீஸை மூடுச்சு. அந்த டீமை அதே வருஷம் நவம்பர்ல ஸ்டெயின்பெர்க்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்துக்கிட்டாங்க. 2013 பிப்ரவரியில இருந்து அந்த டீம்ல இருந்த டேனியல் ஸ்ப்ரெட்பரி, புது சாஃப்ட்வேர் எப்படி உருவாகுதுன்னு வெளிப்படையா எழுத ஆரம்பிச்சார். ஆனா பேர் சொல்லல. டோரிக்கோங்கிற பேரு வெளிய வந்ததே 2016 மே மாசம். விற்பனைக்கு வந்தது அக்டோபர் 19.

அவ்வளவு நாள் ஜனங்க ஏன் விட்டுட்டுப் போகல? 2013 மே மாசமே பிராவுராங்கிற இசைக்குறி ஃபான்ட்டை இலவசமா, ஓப்பன் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க. எந்தக் குறி ஃபான்ட்ல எந்த இடத்துல இருக்கணும்ங்கிற பொது வரையறையையும் சேர்த்தே கொடுத்தாங்க. 2015-ல வந்த மியூஸ்ஸ்கோர் 2, அதாவது போட்டி சாஃப்ட்வேர், அதுலயே பிராவுராவைத் தேர்ந்தெடுத்துக்கலாம். யோசிச்சுப் பாருங்க, டோரிக்கோ வர்றதுக்கு முன்னாடியே அதோட ட்ரெபிள் கிளெஃப் மத்தவங்க பக்கத்துல அச்சாகிட்டிருந்துச்சு! இந்தத் துறையில இதைவிட நல்ல டீசர் இல்லைங்கிறது என் கருத்து.

அதனால, பேரை மறைச்சு வெக்கிறது மட்டும் டீசர் ஆகாது. கையில எடுத்து உபயோகிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க. சின்த் பண்றீங்கன்னா அதோட ரிவர்பை மட்டும் தனி பிளக்இனா விடுங்க. சீக்வென்சர்னா பத்துப் பதினஞ்சு மிடி பேட்டர்ன் போதும். ஆனா மூணு வருஷமெல்லாம் இழுக்காதீங்க, அதுக்குப் பின்னாடி பெரிய கம்பெனி இருந்துச்சு. சின்ன டீமுக்கு ஆறுல இருந்து எட்டு வாரம், அதுக்குள்ள மூணு வீடியோ, போதும்.

இப்ப வீடியோ. 30 செகண்டுக்குள்ள ஒரே ஒரு வேலையைக் காட்டுங்க. உதாரணத்துக்கு, வயலின் வரியில நாலு நோட் இருக்கு. இன்செர்ட் மோடை ஆன் பண்ணிட்டு முதல் நோட்டோட நீளத்தைக் கூட்டுறீங்க. பின்னாடி இருக்கிற நோட்டெல்லாம் தானா நகருது, பார்லைனைத் தாண்டுற நோட் ரெண்டா உடைஞ்சு, அந்த ரெண்டையும் சேர்க்கிற வளைகோடு, அதாவது டை, நடுவுல விழுது. நோட்டேஷன் எழுதுறவங்களுக்கு இது போதும், அடுத்த நிமிஷமே "எப்ப வருது?"ன்னு கேப்பாங்க. லோகோ சுத்துறது, புகை மண்டலம், இதெல்லாம் அவங்களுக்கு ஒண்ணுமே சொல்லாது.

ஃபோன்ல பாக்கிறவங்கதான் அதிகம். அதனால ரெக்கார்ட் பண்றப்பவே இன்டர்ஃபேஸை 150 இல்ல 200 சதவீதத்துக்குப் பெருசாக்குங்க. எடிட்டிங்ல ஜூம் பண்ணா ஸ்டேவ் கோடெல்லாம் மங்கிடும். பல பேர் சத்தம் இல்லாமலே ஸ்க்ரோல் பண்ணுவாங்க, முதல் ரெண்டு செகண்டுலயே திரையில ஏதாவது அசையணும்.

ஆடியோலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. விண்டோஸ்ல ஏசியோ டிரைவர்ல ஓடுற சத்தம் பொதுவா ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ற ஓபிஎஸ்ஸோட டெஸ்க்டாப் ஆடியோவுக்கு வராது, ஏன்னா அது விண்டோஸ் மிக்சரைத் தொடாமலே நேரா கார்டுக்குப் போயிடுது. படத்தைத் தனியா எடுங்க, சத்தத்தை சாஃப்ட்வேர்ல இருந்தே வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. முதல் பார் வெறும் கிளிக்கா இருக்கட்டும், எடிட்டிங்ல அதை வெச்சுச் சேர்த்துட்டு அப்புறம் வெட்டிடலாம். எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கணும். 44.1-ல எடுத்த ஃபைலை 48-னு நெனச்சு ஓட்டினா வேகமும் கூடும், சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறிடும். திரையில சி இருக்கும், காதுல வேற சுருதி கேக்கும். இசை தெரிஞ்சவங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. லவுட்னஸ், அதாவது மொத்தமா கேக்கிற சத்த அளவு, மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்; ட்ரூ பீக், அதாவது உச்சத்துல போற சத்தம், மைனஸ் 1 டெசிபல். அதுக்கு மேல அழுத்தினா யூடியூப் எப்படியும் குறைச்சிடும், டைனமிக்ஸ் போனதுதான் மிச்சம்.

டீசர்ல கேக்கிற ஒலி எல்லாம் உங்க சாஃப்ட்வேரோட சேர்ந்தே வர்ற ஒலியா மட்டும் இருக்கட்டும். வெளியில வாங்கின ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியைப் போட்டு மயக்கினா, வாங்கினவர் முதல் நாளே ரீஃபண்ட் கேப்பார், அது நியாயமும்கூட. இசையமைப்பாளர்கிட்ட புதுசா எழுதி வாங்குங்க, வீடியோவுக்கான உரிமையை எழுத்துல வாங்கிக்கோங்க. அவர் அதே டிராக்கை டிஸ்ட்ரிபியூட்டர் வழியா ஏத்தி, யூடியூப்ல உரிமையுள்ள இசையைக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடியை ஆன் பண்ணியிருந்தா, உங்க வீடியோ மேலயே கிளெய்ம் விழும். அந்த டிக்கை எடுத்துட்டாரான்னு வெளியிடுறதுக்கு முன்னாடி கேட்டுருங்க.

கடைசியா ஒண்ணு, எல்லாரும் தவிர்க்கிறது. டோரிக்கோ முதல் வெர்ஷன்ல கார்ட் சிம்பல், அதாவது வரிக்கு மேல எழுதுற கார்ட் பேர், கிடையாது, 2017-ல 1.1 வர்றப்பதான் அது வந்துச்சு. ஜாஸ் எழுதுறவருக்கு அது இல்லாம வேலையே ஓடாது. அதனால மூணாவது வீடியோவுக்குக் கீழேயே "இந்த வெர்ஷன்ல இவை இல்லை"ன்னு ஒரு பட்டியல் போடுங்க: வேற நோட்டேஷன் ஆப்ல எழுதினதைக் கொண்டுவர்ற மியூசிக்எக்ஸ்எம்எல் இம்போர்ட் இருக்கா, எந்த மேக் ஓஎஸ்ல இருந்து ஓடும், ஆஃப்லைன்ல ஆக்டிவேட் ஆகுமா. பக்கத்துலயே ஈமெயில் பெட்டி ஒண்ணு வெச்சு, "உங்களுக்கு எது வந்தா வாங்குவீங்க?"ன்னு கேளுங்க. அந்த அம்சம் ரெடியான அன்னைக்கு அதைக் கேட்டவங்களுக்கு மட்டும் மெயில் போகட்டும்.