சிங்கருக்குள்ளே பாதரசம் இல்லை

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பேசக் கூப்பிட்டபோது, "பழைய தையல் மிஷினைப் பற்றி அப்படி என்ன சார் ஒரு மணி நேரம் பேசப் போறீங்க?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் வீட்டில் 14 மிஷின்கள் இருக்கின்றன. வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் 15 என்பார், ஏனென்றால் கட்டிலுக்கு அடியில் ஒன்று இருப்பது எனக்கே அடிக்கடி மறந்துபோகும்.

முதலில் ஒரு வதந்தியை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன். மாதம் ஒருவராவது போன் செய்து, "பழைய சிங்கர் வெச்சிருக்கீங்களாமே, அதுல சிவப்புப் பாதரசம் இருக்கா?" என்று ரகசியக் குரலில் கேட்கிறார். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் கிளம்பிய புரளி இது. சிங்கர் மிஷினுக்குள்ளே சிவப்புப் பாதரசம் என்ற விலைமதிப்பற்ற ஒரு திரவம் ஒளிந்திருக்கிறது, மொபைல் போனை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டு போனால் லைன் கட்டாகும், அதுதான் அடையாளம் என்று யாரோ கிளப்பிவிட, பரணில் கிடந்த மிஷின்களெல்லாம் ஆயிரக்கணக்கான ரியாலுக்குக் கைமாறின, போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. நான் இதுவரை பிரித்துப் போட்டதில் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்: இரும்பு, காய்ந்த எண்ணெய், கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சு, உடைந்த ஊசி முனைகள், ஒரு முறை ஒரு மூக்குத்தித் திருகு. பாதரசம் கிடையாது. வேறு யாராவது கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் போன் மிச்சம்.

நான் இதில் இறங்கியது ஒரு பழைய இரும்புக் கடையில். தராசில் போட்டுக் கிலோ கணக்கில்தான் கொடுத்தார்கள். சிங்கர் 27 வகை, உள்ளே கீழ் நூலைச் சுமந்துகொண்டு தோட்டா மாதிரி நீண்ட ஷட்டில் முன்னும் பின்னும் ஓடுகிற ரகம். உடம்பில் தங்க நிறத்தில் எகிப்து ஸ்பிங்க்ஸ் படம், அழுக்குக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. ஆர்வக்கோளாறு யாரை விட்டது, ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். அழுக்கு போனது. கூடவே ஸ்பிங்க்ஸும் போனது. அந்தத் தங்க ஓவியத்தின் மேல் அரக்குப் பூச்சு இருக்கிறது, அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சிங்கர் கம்பெனியில் யாரோ எவ்வளவோ பொறுமையாக ஒட்டியதை நான் ஐந்து நிமிஷத்தில் துடைத்துக் குப்பையில் போட்டேன். அந்த மொட்டை மிஷினை இன்னமும் விற்காமல் வைத்திருக்கிறேன், கை துறுதுறுக்கும்போது போய்ப் பார்த்துக்கொள்வதற்கு.

அப்புறம்தான் மதுரையில் ஒரு மிஸ்திரியைப் பிடித்தேன். புதுமண்டபத்தைப் பழைய நாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும், திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். சிலையின் காலடியிலேயே ஜாக்கெட் தைத்து வாங்கிக்கொண்டு போகலாம். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தையல்காரர்களின் மிஷின்களைப் பார்த்துவந்தவர்தான் என் மிஸ்திரி. மிஷினைத் தொடுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பாபின் பக்கம் நூல் சிக்கியிருக்கு" என்பார். இருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் எண்ணெய். நம் வீடுகளில் சமையலறையில் இருக்கிற தேங்காய் எண்ணெயையோ கடலை எண்ணெயையோ மிஷினுக்கும் விட்டுவிடுகிற பழக்கம் உண்டு. சில மாதம் நன்றாகத்தான் ஓடும். பிறகு அது பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகிவிடும், மிஷின் கல்லாகிவிட்டது என்று பரணில் ஏற்றிவிடுவார்கள். என்னிடம் "கெட்டுப்போச்சு" என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் கெட்டுப்போகவே இல்லை, ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அசையும் ஒவ்வொரு இணைப்பிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் சக்கரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். வரவில்லையா, பலாத்காரம் வேண்டாம், இன்னும் இரண்டு சொட்டு, இன்னும் ஓரிரவு. ஒரு மிஷின் எனக்கு ஒன்பது நாள் தண்ணி காட்டியது. அசைய ஆரம்பித்ததும் மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும். இதை விட்டுவிட்டால் இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்துவிடும். மேல் உடம்பைத் துடைக்கவும் அதே மிஷின் எண்ணெய் போதும், ஸ்பிரிட் பாட்டிலை வீட்டில் ஒளித்துவைத்துவிடுங்கள்.

தையல் எப்படி விழுகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கடகடவென்று மிதிக்கிறோம், மேலே நூல், கீழே பாபின், அதற்குமேல் யோசிப்பதில்லை. ஊசி நூலோடு துணிக்குள் இறங்குகிறது. அடிமட்டம் தொட்டு மேலே கிளம்புகிற அந்தக் கணத்தில் நூல் கொஞ்சம் தளர்ந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணியாகப் பிதுங்கும். அந்தக் கண்ணிக்குள், அடியில் இருக்கும் கொக்கியின் முனை சரியாக நுழைந்து, அதை இழுத்துக்கொண்டு போய்ப் பாபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடு வயிற்றில் பூட்டிக்கொள்கின்றன. கொக்கி கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கண்ணி கிடைக்காது, தையல் விட்டுவிட்டு விழும். சிங்கர் 15 வகையில் ஊசியின் தட்டையான பக்கம் வலது புறம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் ஓடிய கருப்பு உஷா மிஷின்களும் பெரும்பாலும் இந்த 15-ஐ ஒட்டியவைதான். ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டு மிஷினையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

உடம்பில் இருக்கும் நம்பரைப் பாருங்கள். சிங்கரில் Y என்ற எழுத்தில் தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் செய்தது. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தையல் மிஷின் தொழிற்சாலை அது, 1913-இல் மட்டும் சுமார் 13 லட்சம் மிஷின்கள் அங்கிருந்து வெளியே போயின. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1911 மார்ச்சில், மரப்பெட்டிக்குப் பாலிஷ் போடும் பன்னிரண்டு பெண்களுக்கு வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைத்தார்கள். அவர்கள் வெளிநடப்புச் செய்ய, பின்னாலேயே கிட்டத்தட்ட 11,000 பேர் வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, பலருக்கு வேலை போனது. என்னிடம் உள்ள ஒரு மரப்பெட்டியில் பாலிஷ் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பன்னிரண்டு பேர் நினைவு வரும். தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. அங்கே இருக்கும் ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றைக்கும் சிங்கர் என்றே பெயர்.

காந்தி எந்திரங்களை எதிர்த்தவர், ஆனாலும் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் உள்ள அன்பால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்று 1924-இல் சொல்லியிருக்கிறார். மகாத்மாவுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐசக் சிங்கர் நாடக நடிகராக இருந்தவர், ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்தவர், பெற்ற பிள்ளைகள் மட்டும் இருபதுக்கும் மேல். தையல் மிஷினை முதலில் யோசித்தவரும் அவர் இல்லை. எலியாஸ் ஹோவ் 1846-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், சிங்கருடையது 1851. ஆனால் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1850-களிலேயே தவணை முறையைக் கொண்டுவந்தார் பாருங்கள், அதுதான் மிஷினை நடுத்தர வீடுகளுக்குள் நுழைத்தது. இலங்கைக்கு 1877-இலேயே சிங்கர் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் மேல் கோபம். ஒருவர், மிஷினின் தலையைக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிட்டு, அடியில் இருக்கும் வார்ப்பு இரும்புக் காலை மட்டும் காபிக் கடை மேஜையாகவும் கை கழுவும் தொட்டிக்குத் தாங்கலாகவும் மாற்றுகிறவர். ஓடுகிற மிஷினின் காலை வெட்டி எடுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, தலை உடைந்து கிடந்தால் தாராளமாக மேஜை செய்துகொள்ளுங்கள். இன்னொருவர், "புத்தம்புதுசா ஆக்கிட்டேன் சார்" என்று கார் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறவர். அந்தக் கருப்பு, தார் கலந்த பூச்சை அடுப்பில் வாட்டி எடுத்தது, நூறு வருஷம் நின்றிருக்கிறது. அதில் வலது கைப் பக்கம் தேய்ந்து மங்கியிருக்கும் இடம், ஒரு பெண் தினமும் கை வைத்துத் துணியைத் தள்ளிய இடம். அதன் மேல் பெயின்ட் அடித்தால் என்ன மிச்சம்? துரு ஏறி உரிந்துபோயிருந்தால் வேறு விஷயம், அங்கேகூட உரிந்த இடத்தை மட்டும் தொடுங்கள்.

ரொம்பப் பேசிவிட்டேன். அதோ அந்த மேஜையில் இருப்பது ஒரு கை மிஷின், போன மாதம்தான் ஓட ஆரம்பித்தது. சட்டையில் தையல் விட்டுப்போனவர்கள், பையில் கைப்பிடி அறுந்தவர்கள் வரிசையில் வாருங்கள், கருப்பு நூலும் வெள்ளை நூலும் மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் சார், உங்கள் பாக்கெட் ஓரம் பிரிந்திருப்பதை நான் மேடை ஏறும்போதே பார்த்துவிட்டேன்.