இடி விழுமுன் இறங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தலைமுடி தானாக எழுந்து நிற்கிறது. சுற்றியுள்ள கற்களெல்லாம் ரீங்காரம் இடுகின்றன. முக்காலியில் இருக்கும் கோணம் அளக்கும் கருவி அவற்றைவிட உரக்கப் பாடுகிறது. 1874-இல் அமெரிக்காவின் கொலராடோவில், சான் வான் மலையுச்சி ஒன்றில் நில அளவையாளர்கள் ஃபிராங்க்ளின் ரோடாவும் ஏ. டி. வில்சனும் பட்ட பாடு இது. நீங்களும் நானும் அப்போதே ஓடியிருப்போம். அவர்களோ கோணங்களைக் குறித்து, மலைகளின் வடிவத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் ஏற வேண்டுமே! கடைசியில் கருவியைப் பிடுங்கிக்கொண்டு சில அடிகள்தான் இறங்கியிருப்பார்கள். உச்சியில் இடி விழுந்தது.

இவ்வளவு அவசரம் எதற்கு? வெள்ளிக்கும் தங்கத்துக்கும்தான். முந்தைய ஆண்டுதான் யூட் பழங்குடியினரிடமிருந்து சான் வான் மலைகளை ஓர் ஒப்பந்தம் போட்டு அரசு வாங்கியிருந்தது. சுரங்கக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். வழி எது, கணவாய் எது என்று காட்ட நம்பகமான வரைபடம் இல்லை. அதற்காகவே ஃபெர்டினாண்ட் ஹெய்டன் தலைமையில், இவ்விருவரும் இருந்த அரசின் நில அளவைக் குழு கோவேறு கழுதைகளோடு அங்கே அலைந்தது.

டென்வர் பக்கம் சமவெளியில் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்தார்கள். அப்புறம் உச்சிக்கு உச்சி கோணம் பார்த்து முக்கோணங்களாகக் கொலராடோவையே பின்னினார்கள். உயரம் காண பாதரசக் காற்றழுத்தமானி. அது கண்ணாடிக் குழாய். அதைப் பாறைகளில் உடையாமல் தூக்கிப்போவதே தனி வித்தை. பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட அன்கம்பாக்ரே சிகரத்தில் ஏறியபோது, தங்களுக்கு முன்பே கரடிகள் அங்கே வந்து போயிருப்பதைக் கண்டு அசந்துபோனார்களாம்!

1877-இல் இந்தக் குழுவின் கொலராடோ அட்லஸ் வெளியானது. ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல். இருநூறு அடிக்கு ஒரு சம உயரக் கோடு. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதிலுள்ள பொருளாதார வரைபடம். உழவு நிலம், மாடு மேய்ப்பவர்களுக்கான மேய்ச்சல் நிலம், பைன் காடு, நிலக்கரி நிலம், தங்கமும் வெள்ளியும் கிடைக்கும் வட்டாரம், மரமே வளராத உச்சி என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வருகிறவனுக்கு எது பயன்படும் என்ற கண்ணோடு பார்த்த நாடு அது. யூட் மக்களின் வேட்டைக்காடு என்று ஒரு வகை அதில் இல்லை.

1881-இல், மேற்குக் கொலராடோவில் மிஞ்சியிருந்த யூட் மக்களில் பெரும்பாலோரை ராணுவம் யூட்டாவுக்கு வெளியேற்றியது. அந்தப் பள்ளத்தாக்குகளில் குடியேறக் காத்திருந்தவர்களுக்கு வழி தெரியாத சிக்கல் இல்லை. வரைபடம் அச்சாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.